சீனத்தில் ஒரு விடுமுறை நாள்

சீன நாட்டின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவில் ஆங்கிலம் கற்பித்து வரும் நம் கல்லூரித் தோழர் ஒருவர், தமது விடுமுறை நாளொன்றில் கண்டுவந்த காட்சியை நமக்கு விரிவாக எழுதியிருந்தார். நம் சங்க அங்கத்தினர்கள் அறிய வேண்டிய செய்தி அதில் உண்டாதலால், அதனை ஈண்டு எடுத்துரைக்கிறோம்.

நண்பர் காலையில் இரயிலேறி, வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தூஜியாங்யன் நகரை அடைந்தார். மின்ஜியாங் ஆறு மலையை விட்டுச் சமவெளியில் இறங்குமிடம் அது. கி.மு. 256-ஆம் ஆண்டளவில், சின் அரசின் ஆளுநரான லீ பிங் என்பார் அங்கே பாசன வேலையைத் தொடங்கினார். அவர் ஆற்றை மறித்து அணை கட்டவில்லை. மூங்கிற் கூடைகளில் கற்களை நிரப்பி அடுக்கி, நடு ஆற்றில் ஒரு கரை எழுப்பினார். மீன்வாய் போன்ற அதன் முனை ஆற்றை இரு கிளைகளாகப் பிரிக்கிறது. நீர் குறைந்த காலத்தில் பத்தில் ஆறு பங்கு வயல்களுக்குரிய உட்கிளையில் சேரும். வெள்ளக் காலத்திலோ பத்தில் ஆறு பங்கு வெளிக்கிளையில் ஓடிவிடும். உட்கிளையில் மிஞ்சிய நீரும் மணலும், நம் ஏரிகளின் கலிங்கு போன்றதொரு தாழ்ந்த கரைமேல் வழிந்து வெளியேறும். இன்றும் 6 இலட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம் இதனால் விளைகிறது. 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

நண்பரின் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஆற்றின் அடியில் முன்னோர் இரும்புத் தண்டுகளைப் புதைத்து வைத்திருக்கின்றனர். முற்காலத்தில் ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மக்கள் கூடித் தூர் வாருங்கால், தண்டு கண்ணுக்குத் தென்படும்வரை தோண்டியாக வேண்டியிருந்தது. "போதும்" என்று இடையில் நிறுத்த எவருக்கும் உரிமையிருக்கவில்லை.

பிற்பகலில் நகருக்குள் திரும்பிய நண்பர், 2008-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் நிகழ்ந்த நிலநடுக்கத்தை நினைத்துக் கலங்கினார். அன்று ஆற்றுக் கரையின் முனையில் வெடிப்புக் கண்டதேயன்றி, பழைய பாசன அமைப்பு நிலைத்து நின்றது. ஆனால், அதே ஊரில் நம் காலத்தில் கட்டிய பள்ளிக் கட்டடங்கள் இடிந்து, பிள்ளைகள் பலர் மாண்டனர். வேலை செவ்வையாகச் செய்யப்படவில்லை என்று பெற்றோர் முறையிட்டனர். மறுநாள் தம் வகுப்பினுள் நுழையுமுன், அதன் தூண்களை ஒருமுறை ஏறிட்டு நோக்கியதாக நண்பர் எழுதுகிறார். நாற்பது பிள்ளைகள் உள்ளே அமர்ந்திருந்தனராம்.

ஆண்டுத் தணிக்கைக்கு நாம் வரும்போது, "எங்கள்மீது ஐயமா?" என்று மனம் வருந்தும் அங்கத்தினர் உண்டு. அன்பர்களே, ஐயத்தினால் நாம் வருவதில்லை. கையிருப்பு நூலை எடை போடுவதும், விதை நெல் மூட்டைகளை எண்ணுவதும் அந்த இரும்புத் தண்டைத் தேடுவதேயாகும். அது தென்பட்டால்தான் கடைமடைக்கும் நீர் எட்டும்.