ஜிம் பூட்டிய நாட்களில் உடலும் பணமும்

2020 மார்ச்சில் கொரோனாவால் மூடப்பட்ட தமிழக ஜிம்கள் ஆகஸ்ட் 10-ஆம் தேதிதான் திறந்தன. 2021 ஏப்ரல் 26-இல் இரண்டாம் அலை மறுபடியும் பூட்டுப் போட்டது. ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டியவர்களின் பணம் உள்ளே, அவர்கள் வெளியே. சம்பளம் வெட்டப்பட்ட அந்த மாதங்களில் தவணையில் டிரெட்மில் வாங்கலாமா என்று கணக்குப் போட்ட குடும்பங்களும் உண்டு.

வாங்கத் தேவையே இல்லை. பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்றுதான் 2020 நவம்பரில் வந்த உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் சொல்கிறது. கருவி வேண்டும் என்று அதில் நிபந்தனை எதுவும் கிடையாது. தண்டாலும் பஸ்கியும் ஒரு பாய் விரிக்கும் இடத்தில் முடிந்துவிடும். தரையில் தண்டால் எடுக்க வராதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம். முதியவர்களுக்கு, நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதே நல்ல பஸ்கி. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. தோளுக்கும் கைக்கும் தொடக்கத்தில் அது போதும்.

ஆனால், பார்த்துத் திருத்தப் பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாதபோது ஆபத்து கூடுகிறது. 20 லிட்டர் கேனைத் திடீரென்று குனிந்து தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வழுக்கும் பிளாஸ்டிக் நாற்காலியும் விரிசல் விட்ட ரப்பர் பட்டையும் பயிற்சிக்கு ஆகாதவை. இழுக்கும்போது அறுந்த பட்டை நேராகக் கண்ணில் அடிக்கும்.

கொரோனா வந்து தேறியவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சிலருக்கு அந்த நோய் இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கியது. காய்ச்சல் விட்டதுமே பழைய வேகத்துக்குத் தாவாமல், மருத்துவரைக் கேட்டு மெதுநடையிலிருந்து தொடங்குவதுதான் சரி. நெஞ்சு வலி, மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும்.

விலை உயர்ந்த கருவி என்பதால் பாதுகாப்பானது என்றும் நம்பிவிட முடியாது. அமெரிக்காவில் பெலோட்டான் நிறுவனம் 2021 மே மாதம் சுமார் 1,25,000 டிரெட்மில்களைத் திரும்பப் பெற்றது. ஓடும் பட்டைக்கு அடியில் இழுக்கப்பட்டு ஆறு வயதுக் குழந்தை ஒன்று இறந்திருந்தது. குழந்தைகள் உள்ள வீட்டில், கருவியை நிறுத்தியதும் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

இனி, கட்டிய பணம். அரசு உத்தரவால் மூடியது ஜிம் உரிமையாளரின் குற்றமல்ல. அவருக்கும் வாடகை, சம்பளம் என்று சுமை இருந்தது. அதற்காக, தராத சேவையின் பணம் அவருடையது ஆகிவிடாது. இனியும் இப்படி ஜிம் மூடப்பட்டால், மூடியிருந்த நாட்களைச் சந்தாவில் நீட்டித் தரும்படியோ, மீதியைத் திருப்பித் தரும்படியோ எழுத்தில் கேட்கலாம். ரசீதில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்திருப்பதைக் கண்டு ஒதுங்க வேண்டாம். ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்க்க 2020 ஜூலை 20-இல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பழுதான கருவியால் காயம்பட்டால், தயாரித்தவரிடமும் விற்றவரிடமும் இழப்பீடு கோரவும் அதில் வழி உண்டு.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பேசலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வசிக்கும் மாவட்டத்திலேயே, இணையம் வழியாகவும் மனு போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், பணம் போன வங்கிக் குறுஞ்செய்தி எல்லாம் சாட்சிதான். எதையும் அழிக்கக் கூடாது.