ஈயப் பக்கம் வளைந்த கதை

1910-ல் கேரளத்தின் காலடி ஊரில் ஆதிசங்கரருக்குக் கோயில் எழுந்தது. அதன் நினைவாக அவருடைய நூல்கள் 20 தொகுதிகளாக வெளிவந்தன. அவற்றை அச்சிட்டது காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஸ்ரீரங்கத்தில் டி. கே. பாலசுப்பிரமணிய அய்யர் நிறுவிய வாணி விலாஸ் அச்சகம்.

அந்த நாளில் ஒரு பக்கம் உருவாவதே கைவேலைதான். எழுத்துக் கோப்பவரான கம்பாசிட்டர் இடக்கையில் ‘ஸ்டிக்’ என்னும் கோப்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ‘கேஸ்’ என்னும் எழுத்துத் தட்டிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்குவார். எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். அவர் தடங்கலின்றிப் படிப்பார். தமிழில் வேலை இன்னும் கூடுதல். உகர, ஊகார வரிசைகளுக்கு மட்டுமே 36 தனி அச்சுகள் வேண்டும். துதிக்கை போட்ட பழைய ‘லை’க்கும் தனி அச்சு உண்டு. கோத்த பக்கத்தை இரும்புச் சட்டத்துக்குள் இறுக்கினால் ஒரே பலகைபோல் நிற்கும். பிறகு மை தடவி, தாளை வைத்து அழுத்த வேண்டியதுதான்.

காலால் மிதிக்கும் ட்ரெடில் எந்திரத்தில் மணிக்கு ஆயிரம் தாள் ஓடினாலே பெரிய காரியம். புத்தகத்துக்கு அது போதும். 1899-ல் நாளிதழான சுதேசமித்திரன் போன்ற பத்திரிகைக்குப் போதுமா? சென்னையில் அச்சாகும் இதழ் திருச்சி வாசகர் கைக்கு வர, ரயிலைப் பிடித்தாக வேண்டுமே!

தட்டையான பக்கத்தில் ஒவ்வொரு தாளுக்கும் அழுத்துவதும் விலகுவதுமாக நேரம் போகிறது. உருளையென்றால் நிற்காமல் சுற்றலாம். ஆனால் தனித்தனி ஈய எழுத்துகளை அதில் கட்டிச் சுற்றினால் சிதறும் அபாயம் உண்டு. இதற்குப் பிறந்த வழிதான் ஸ்டீரியோ. கோத்த பக்கத்தின் மேல் ஈரக் காகித அட்டையை அழுத்தி அச்செடுப்பார்கள். அதை உலர்த்தி வளைத்து, ஈயமும் வெள்ளீயமும் ஆன்டிமணியும் உருக்கிக் கலந்த குழம்பை ஊற்றுவார்கள். ஆறியதும் முழுப் பக்கமும் கூரை ஓடுபோல் வளைந்து கிடைக்கும். அதை உருளையில் பூட்டிவிடலாம்.

1860-களில் அமெரிக்காவின் வில்லியம் புல்லக் இந்த உருளை எந்திரத்துக்குத் தாளையும் ரீலாகவே ஊட்டினார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ரோட்டரி’ எனப்படும் பெரிய உருளை எந்திரங்கள் தாளின் இரு பக்கமும் அச்சிட்டு, வெட்டி, மடித்து, மணிக்குப் பல்லாயிரம் பிரதிகளைத் தள்ளின. தமிழ்ப் பக்கங்களுக்கோ அப்போதும் கேஸில் தொடங்கும் கைவேலைதான் முதல்.

உங்கள் வீட்டுப் பரணில் ‘ஸ்ரீரங்கம் வாணி விலாஸ்’ என்று போட்ட பழைய புத்தகம் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு தாளின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈய எழுத்து அழுந்திய தடம் இன்னும் தட்டுப்படலாம்.