வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போகிறீர்களா?

காசி, கயா யாத்திரை கிளம்புகிற குடும்பங்களில் பலரும், கயாவில் சிராத்தம் முடிந்த கையோடு ராஜ்கிருக்கும் ஒரு நடை போய்வருவது உண்டு. பீகாரில், கயாவிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரம். புத்தரும் மகாவீரரும் நடமாடிய பழைய மகத நாட்டின் தலைநகர் இது. இங்கே வைபார மலை அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. ஏழாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங்கூட இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார்.

மார்கழிக் குளிரில் ஆவி பறக்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்தாலே இறங்கத் தோன்றும். "முட்டிவலிக்கு இதைவிட மருந்தே கிடையாதாம்!" என்று பஸ்ஸிலேயே பேச்சு ஆரம்பித்துவிடும். அதில் எவ்வளவு உண்மை?

தண்ணீர் ஏன் சுடுகிறது?

அடியில் எரிமலை ஏதும் இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு ஏறும். சூடான அந்தத் தண்ணீர் வேறு வெடிப்பு வழியாக மேலே வந்துவிடுகிறது. ராஜ்கிரில் சூடு அதிகமுள்ள பிரம்ம குண்டத்தில் சுமார் 45 டிகிரி செல்சியஸ்.

வலி குறையுமா?

குறையும். சூட்டில் தசை இளகும், மூட்டு விறைப்பு தளரும், ரத்த ஓட்டம் கூடும். ஆனால் சில மணி நேரத்துக்குத்தான். வாதம் அடியோடு போய்விடாது. "குண்டத்தில் குளிச்சாச்சே, இனி மாத்திரை எதுக்கு?" என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

மயக்கம் வருவது எப்போது?

"சுகமா இருக்கு, இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேனே" என்பார் அப்பா. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது. சூட்டில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் வேகமாகத் துடிக்கும். அப்போது சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். கீழே வழுக்குகிற கல்படி! பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபமாக நேரும்.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

இதய நோய் உள்ளவர்கள்: டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

சர்க்கரை நோயாளிகள்: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு உறைக்காது, அறைக்குத் திரும்பிய பிறகுதான் கொப்புளம் கண்ணில் படும். காலில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

கர்ப்பிணிகள்: முதல் மூன்று மாதங்களில் உடம்புச் சூடு மிகவும் ஏறினால் குழந்தையின் மூளை, தண்டுவட வளர்ச்சி பாதிக்கப்படலாம். தவிர்த்துவிடுங்கள்.

குழந்தைகள்: பெரியவர்களைவிடச் சீக்கிரம் சூடாகிவிடுவார்கள். கையில் தொட்டுப் பார்த்து, சொம்பில் மொண்டு ஊற்றினால் போதும்.

மூக்கில் ஏறக் கூடாது

வெதுவெதுப்பான தேக்க நீரில் ஒருவகை அமீபா இருக்கக்கூடும். மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். மிக அபூர்வம்தான், வந்துவிட்டால் பிழைப்பது கடினம். 2024, 2025-ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் மூளையைத் தாக்கும் அமீபா நோயால் உயிரிழப்புகள் நேர்ந்தன. ஆகவே தலைமுழுக்கு வேண்டாம். புண்ணியத்துக்கு நாலு சொட்டு உச்சியில் தெளித்துக்கொண்டாலே போதுமே! தீர்த்தம் என்று குடிக்கவும் வேண்டாம்.

எப்படிக் குளிப்பது?

வயிறு நிறையச் சாப்பிட்ட உடனே போகாதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம். முன்னும் பின்னும் ஒரு டம்ளர் நல்ல தண்ணீர் குடியுங்கள். ஊறி உட்கார 40 டிகிரிக்கு மேல் கூடாது என்பது பொதுவான விதி. அதனால் பிரம்ம குண்டத்தில் அமிழ்ந்து உட்காராமல், மொண்டு ஊற்றிக்கொள்வதே நல்லது. சூடு குறைந்த இடத்திலும் பத்து நிமிடம் போதும். எழும்போது பக்கத்தில் ஒருவர் கை கொடுக்கட்டும். வெளியே வந்ததும் தலை, காதைத் துடைத்து, சால்வை போர்த்திக்கொள்ளுங்கள்.

வயதான அம்மா அப்பாவைத் தனியாக இறங்க விடாதீர்கள். படியில் நின்று போட்டோ எடுப்பதைவிட அவர்கள் கையைப் பிடித்துக்கொள்வது முக்கியம்!