சீலிங்கில் ஒரு மேப்!

கட்டிலில் மல்லாந்து படுத்து மேலே பாருங்கள். வெள்ளைச் சீலிங்கில் பழுப்பு நிறத்தில், ஆஸ்திரேலியா மேப் மாதிரி ஒரு கறை தெரிகிறதா? அப்படியானால், உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் திருட்டுத்தனமாக நுழைந்திருக்கிறது. துப்பறியலாமா?

கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைக்காதீர்கள். மொட்டை மாடி மூலையில் விரிசல் வழியாக இறங்கும் தண்ணீர், தளத்துக்குள்ளேயே ஊர்ந்து போய், பல அடி தள்ளிக்கூட எட்டிப் பார்க்கும். கறை, திருடன் வெளியே வந்த வாசல்தான். உள்ளே நுழைந்த வாசல் வேறு!

கறையின் ஓரம் மட்டும் ஏன் அடர்த்தியாக இருக்கிறது? சிந்திய காபி காய்ந்தாலும் இப்படித்தானே வளையம் விழுகிறது! ஓரத்தில் ஈரம் சீக்கிரம் உலர்வதால், நடுவில் உள்ள நீர் அங்கே ஓடுகிறது. துகள்களையும் இழுத்துச் செல்கிறது. சிகாகோ பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 1997ல் சொன்ன விளக்கம் இது. சீலிங்கிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அங்கே தண்ணீர் சுமந்து வருவது தளத்தின் அழுக்கும், உப்பும்.

சில வீடுகளில் வெள்ளையாகப் பூத்திருக்கும். சிமென்டிலுள்ள சுண்ணாம்பு நீரில் கரைந்து வந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து, மறுபடி கல்லாகிறது. பழைய கட்டடங்களில் இது குட்டிக் குச்சியாகத் தொங்குவதும் உண்டு. விசாகப்பட்டினம் அருகே பொர்ரா குகையில் தொங்கும் கல் விழுதுகளுக்கு இது தம்பி!

இனி விசாரணை. மழை பெய்த பிறகு மட்டும் கறை பெரிதாகிறதா? மொட்டை மாடியைச் சந்தேகப்படுங்கள். மழையே இல்லாத நாட்களிலும் ஈரமா? மேலே உள்ள குளியலறை, தண்ணீர்த் தொட்டி, குழாய் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதும்படி பெரியவர்களிடம் சொல்லுங்கள். கறை கோட்டைத் தாண்டினால், கசிவு இன்னும் நிற்கவில்லை.

மாடியில் பெயர்ந்த தட்டோடு, கைப்பிடிச் சுவர் ஓர விரிசல், காக்கை எச்சத்தில் முளைத்த அரசஞ்செடி... எல்லாவற்றையும் பாருங்கள். செடி அழகாக இருக்கிறதே என்று விட்டுவிட்டால், அதன் வேர் சுவரையே பிளந்துவிடும்.

பல வீடுகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? பொங்கல் வந்தால் கறை மேல் பெயின்ட் அடித்து மறைத்து விடுகிறார்கள்! உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துருவுக்கு இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் வேண்டும். அது கான்கிரீட்டைத் தள்ளும். ஒருநாள் பெரிய துண்டாகப் பெயர்ந்து விழும். சீலிங் உப்பியிருந்தால் அதன் கீழே படுக்கவே கூடாது. மின்விசிறி, விளக்கு அருகே சொட்டினால் சுவிட்சைத் தொடாமல் ஓடிப்போய் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

முதலில் மாடியில் நீர் இறங்கும் வழியை அடைக்க வேண்டும். அப்புறம் சீலிங் நன்றாகக் காய வேண்டும். பட்டி, பெயின்ட் எல்லாம் கடைசியில்தான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு மாடிக்குப் போய் மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்திருக்கும் சருகை அள்ளுங்கள். போன லீவில் தொலைந்த பந்துகூட அங்கே கிடைக்கலாம்!