டிரம் லூப்பை நறுக்கி இசைக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தல்

டிரம் லூப் என்பது ஒன்று முதல் நான்கு பார் வரை நீளமுள்ள, முடிந்தவுடன் தடங்கல் தெரியாமல் தொடக்கத்துக்குத் திரும்பி ஒலிக்கக்கூடிய டிரம் ஒலிப்பதிவு ஆகும். இந்தப் பதிவைத் தனித்தனி அடிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கீபோர்டின் ஒரு கட்டைக்கு ஒதுக்கி, விரும்பிய வேகத்திலும் வரிசையிலும் வாசிக்க வைப்பதை ஸ்லைசிங் என்கிறார்கள். தமிழில் நறுக்கல் எனலாம்.

ஒரு காலத்தில் இதற்கெனத் தனி மென்பொருள் வாங்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான இசைத் தயாரிப்பு மென்பொருள்களில் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. அதனால் புதிதாகத் தொடங்கும் மாணவர்களுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் வருகிறது. மென்பொருள் எந்த இடத்தில் வெட்டுகிறது, வெட்டியதால் உண்டாகும் இடைவெளியை என்ன செய்கிறது, வெட்டிய குறிகளை எங்கே சேமிக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விலையும் விளம்பரமும் பிறகுதான்.

ஏழு விநாடி டிரம்

நறுக்கலைப் புரிந்துகொள்ள மிகப் பொருத்தமான எடுத்துக்காட்டு, அமென் பிரேக் எனப்படும் துண்டு. அமெரிக்காவின் தி வின்ஸ்டன்ஸ் குழு 1969-இல் வெளியிட்ட ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்தில் 'அமென், பிரதர்' என்ற பாடல் இருந்தது. அதன் நடுவே மற்ற வாத்தியங்கள் நின்றுவிட, கிரிகரி கோல்மன் தனியாக நான்கு பார் டிரம் வாசித்தார். வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 137 அடி. நான்கு பாரில் 16 அடி என்பதால் மொத்தம் 7 விநாடிதான் வரும்.

1986-இல் 'அல்டிமேட் பிரேக்ஸ் அண்ட் பீட்ஸ்' என்ற தொகுப்புத் தட்டு வரிசையில் இப்பாடல் இடம்பெற்றது. பிறகு ஹிப் ஹாப் கலைஞர்களும், 1990-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஜங்கிள் இசைக் கலைஞர்களும் இதை எண்ணற்ற பாடல்களில் எடுத்தாண்டனர். கோல்மனுக்கு இதற்காக உரிமைத்தொகை கிடைக்கவில்லை. 2006-இல் வறுமையிலேயே இறந்தார். 2015-இல் பிரிட்டனில் இணையம் வழியாகத் திரட்டிய 24,000 பவுண்டு குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் சேர்ந்தது. வாசித்தவர் அப்போது உயிரோடு இல்லை.

ஏன் நறுக்க வேண்டும்

137 வேகத்தில் உள்ள லூப்பை 170 வேகத்தில் உள்ள பாட்டில் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இசைத்தட்டை வேகமாகச் சுற்றவிடுவதுபோல் ஓட்டினால் வேகம் கூடும். கூடவே சுருதியும் ஏறத்தாழ மூன்றே முக்கால் அரைச்சுரம் உயர்ந்துவிடும். கிக் டிரம்மின் கனம் போய்விடும்.

இரண்டாவது வழி டைம் ஸ்ட்ரெச்சிங். ஒலியை மிகச் சிறிய துகள்களாக்கி, அவற்றை நெருக்கியோ திரும்ப ஒலிக்கச் செய்தோ, சுருதி மாறாமல் நீளத்தை மட்டும் மாற்றும் முறை இது. பாட்டுக்குரலுக்கு இது ஒத்துவரும். டிரம்முக்கு அவ்வளவாக ஒத்துவராது. அடி விழும் முதல் சில மில்லிவிநாடிகளில்தான் டிரம்மின் உயிரே இருக்கிறது; நீட்டும்போது அந்த முனை மழுங்கிவிடும். அகாய் எஸ்1000 போன்ற பழைய சாம்ப்ளர்களில் இதனால் உண்டான உலோகக் கீறல் ஒலியை ஜங்கிள் கலைஞர்கள் விரும்பியே பயன்படுத்தினார்கள் என்பது வேறு கதை.

மூன்றாவது வழிதான் நறுக்கல். இதில் ஒலியைத் தொடுவதே இல்லை. அடிகளைப் பிரித்து, அவற்றுக்கு இடையிலுள்ள தூரத்தை மட்டும் மாற்றுகிறோம். ஸ்வீடனின் ப்ரொப்பெல்லர்ஹெட் நிறுவனம் 1994-இல் வெளியிட்ட ரீசைக்கிள் இந்த வேலையை எளிதாக்கிய மென்பொருள். அது லூப்பில் அடிகளைத் தேடிக் குறித்து, வெட்டிய துண்டுகளைச் சாம்ப்ளருக்கு அனுப்பும். எந்தத் துண்டு எப்போது ஒலிக்க வேண்டும் என்ற மிடி கோப்பையும் தரும். மிடியின் வேகத்தை மாற்றினால் லூப்பின் வேகம் மாறும், சுருதி அசையாது. இன்றைய மென்பொருள்கள் பலவும் இதே வழியில்தான் செயல்படுகின்றன.

வெட்டும் இடம்

செய்யுளைச் சீர் பிரித்துப் படித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிரிக்கும் இடம் ஓர் எழுத்து தள்ளிப்போனாலும் ஓசை கெட்டுவிடும்.

மென்பொருள் இரண்டு விதமாக வெட்டலாம். ஒன்று, லூப்பை 8, 16, 32 என்று சம பங்காக்குவது. கணினி வாசித்த லூப்புக்கு இது போதும். மனிதர் வாசித்த லூப்பில் சில அடிகள் இம்மி முந்தியும் சில பிந்தியும் விழும். முந்தி விழுந்த அடியின் தலைப்பகுதி முந்தைய துண்டின் வாலோடு போய்விடும். பிறகு அந்த முந்தைய துண்டைத் தனியாக வாசித்தால் கடைசியில் தேவையில்லாத ஒரு 'டிக்' கேட்கும். தலையை இழந்த துண்டோ மொட்டையாக ஒலிக்கும்.

மற்றொன்று, டிரான்சியன்ட் எனப்படும் திடீர் எழுச்சியைக் கண்டுபிடித்து அங்கே வெட்டுவது. ஒலியின் ஆற்றல் எங்கே சட்டென்று உயர்கிறது என்று மென்பொருள் கணக்கிடும். எவ்வளவு உயர்ந்தால் அடி என்று கொள்ள வேண்டும் என்பதை நாம் சென்சிட்டிவிட்டி என்ற அளவால் சொல்கிறோம். அதைக் குறைத்தால் ஸ்நேரில் மெல்ல விழும் கோஸ்ட் நோட்டுகள் தவறிப்போகும். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாடலில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த பகுதியின் அழகே அந்த மெல்லிய அடிகளில்தான் இருக்கிறது. அளவை மிகக் கூட்டினால் சிம்பலின் அதிர்வுகூட அடியாகக் கணக்கில் வந்துவிடும்.

தானாக எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடிக்கும் மென்பொருள் கிடையாது. ஆகவே குறிகளைக் கையால் சேர்க்கவும் நீக்கவும் நகர்த்தவும் எவ்வளவு எளிது என்பதே முக்கியமான கேள்வி. ஒரு குறியை நகர்த்தினால் அடுத்த குறி தானாக நகராமல் இருக்க வேண்டும். சரியான குறியைப் பூட்டிவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. அலை பூஜ்ஜியக் கோட்டைக் கடக்கும் இடத்தில் வெட்டும் வசதியோ, துண்டின் இரு முனைகளிலும் சில மில்லிவிநாடி ஃபேட் வைக்கும் வசதியோ இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் 'கிளிக்' ஒலி வரும்.

இடைவெளியும் வாலும்

லூப்பை வேகப்படுத்தும்போது துண்டுகள் நெருங்கி, ஒன்றின் வால் அடுத்ததால் வெட்டுப்படும். அது காதுக்குப் பெரிதாகத் தெரியாது. வேகத்தைக் குறைக்கும்போதுதான் சிக்கல். 137 வேகத்தில் அரை அடியின் நீளம் ஏறத்தாழ 219 மில்லிவிநாடி. 100 வேகத்தில் அது 300 மில்லிவிநாடி. அதாவது ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் 81 மில்லிவிநாடி வெறும் மௌனம். கேட்டால் விக்கல் எடுப்பதுபோல் இருக்கும்.

இதைச் சமாளிக்க ரீசைக்கிளில் ஸ்ட்ரெச் என்ற வசதி உண்டு. துண்டின் வாலை நீட்டி இடைவெளியை நிரப்பும். ஏபிள்டன் லைவில் பீட்ஸ் என்ற வார்ப் முறை, வாலை முன்னோக்கியோ முன்னும் பின்னுமாகவோ திரும்ப ஒலிக்கச் செய்து நிரப்பும். லூப்பை மெதுவாக்கிப் பயன்படுத்துபவர் இந்த வசதியைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். வேகப்படுத்த மட்டுமே போகிறவருக்கு இது தேவையே இல்லை.

சிம்பலின் நீண்ட வால் வேறு விதமான தொல்லை. அமென் பிரேக்கின் நான்காவது பாரில் ஒரு கிராஷ் சிம்பல் அடி வரும். அதற்குப் பின்வரும் துண்டுகளிலும் அதன் ஓசை படிந்திருக்கும். அவற்றில் ஒன்றை முதல் பாருக்குக் கொண்டுவந்தால், அடிக்காத சிம்பலின் அதிர்வு மட்டும் கேட்கும். வெறும் நறுக்கலால் இதை வெட்டி எறிய முடியாது. புதிய துண்டு தொடங்கியதும் பழைய துண்டை நிறுத்தும் மோனோ அல்லது சோக் அமைப்பு இருந்தால் ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்று குவியாமலாவது தடுக்கலாம்.

உருமியும் மிசிர சாப்பும்

இந்த மென்பொருள்கள் மேலை டிரம் செட்டை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் தோற்கருவிகளைப் பதிவுசெய்து நறுக்கும் மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பறையின் அடி கூர்மையானது, எளிதில் அகப்படும். ஆனால் இரு குச்சிகளும் அடுத்தடுத்து நெருங்கி விழும்போது குறிகள் இரட்டையாக விழலாம். குறைந்தபட்சத் துண்டு நீளத்தைக் கூட்டினால் சரியாகும். உருமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து வாசிப்பதால் எழும் உறுமலுக்குக் கூர்மையான தொடக்கமே கிடையாது. டிரான்சியன்ட் தேடும் மென்பொருள் அங்கே தடுமாறும். மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கி, அடுத்த சொல் விழுந்த பிறகும் தொடர்ந்து ஒலிக்கும். நடுவில் வெட்டினால் காதுக்கு உடனே தெரியும். இவற்றுக்குக் கையால் குறியிடுவதே வழி. சில இடங்களில் ஒரு சொற்கட்டை முழுவதையும் ஒரே துண்டாக விட்டுவிடுவதே நல்லது.

தாளக் கணக்கிலும் கவனம் தேவை. மிசிர சாப்பில் ஓர் ஆவர்த்தனத்துக்கு 7 எண்ணிக்கை. 4.2 விநாடி நீளமுள்ள ஆவர்த்தனம் என்றால் வேகம் நிமிடத்துக்குச் சரியாக 100. அதையே 8 அடி என்று மென்பொருள் ஊகித்துக்கொண்டால் 114.3 என்று காட்டும். அதன்பின் எல்லாக் கட்டங்களும் தவறிப்போகும். அடிகளின் எண்ணிக்கையை நாமே எழுதித் திருத்தும் இடம் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

குறிகள் எங்கே போகின்றன

பலரும் கவனிக்காமல் விட்டுப் பின்னால் வருந்துவது இதில்தான். ஒரு மணி நேரம் உட்கார்ந்து வைத்த குறிகள், மென்பொருளை மாற்றும்போது கூடவே வருமா?

ரீசைக்கிள் உருவாக்கிய ரெக்ஸ் கோப்பில் ஒலியும் குறிகளும் ஒன்றாகவே இருக்கும். ரீசனின் டாக்டர் ஆக்டோ ரெக்ஸ் போன்ற பல கருவிகள் அதைப் படிக்கும். ஆனால் அது மூடிய வடிவம். படிக்க வேண்டிய மென்பொருள் அதை உருவாக்கிய நிறுவனத்தின் நிரல் தொகுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஏபிள்டன் லைவ் தன் குறிகளை ஒலிக்கோப்புக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சிறு கோப்பில் வைக்கும். அது லைவுக்கு மட்டுமே பயன்படும். அசிடைஸ்டு வேவ் கோப்பு எந்தக் கருவியிலும் சாதாரண வேவாக ஒலிக்கும். அதிலுள்ள வேகக் குறிப்பை மட்டும் புரிந்த மென்பொருள் எடுத்துக்கொள்ளும். எஸ்எஃப்இசட் என்பது எந்தக் கட்டைக்கு எந்த ஒலி என்று சொல்லும் வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து படிக்கலாம், திருத்தலாம்.

எனவே துண்டுகளைத் தனித்தனி வேவ் கோப்புகளாகவும், வரிசையை மிடி கோப்பாகவும் வெளியேற்றித் தரும் மென்பொருளே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஏற்கெனவே ஒரு மென்பொருளில் பழகியிருப்பவர் அதிலுள்ள வசதியையே முதலில் பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டுடியோவில் ஃப்ரூட்டி ஸ்லைசர் எளியது, ஸ்லைசெக்ஸ் விரிவானது. ஆனால் எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையை, வாங்கும்வரை மீண்டும் திறக்க முடியாது. மூடுவதற்கு முன் துண்டுகளை வெளியேற்றிவிடுங்கள். லைவில் லூப்பின் மேல் வலது சொடுக்குச் செய்து புதிய மிடி தடமாக நறுக்கலாம். லாஜிக் ப்ரோவில் 2020-இல் சேர்ந்த குவிக் சாம்ப்ளரில் ஸ்லைஸ் முறை உண்டு. ரெனாய்ஸ் எண்களை மேலிருந்து கீழாக எழுதி இசையமைக்கும் டிராக்கர் வகையைச் சேர்ந்தது. துண்டுகளை வரிசை மாற்றி அடுக்குவதில் எனக்குத் தெரிந்து இதுவே வேகமானது. பழகச் சில நாள் ஆகும்.

ரீப்பரை 60 நாள் முழு வசதியோடு சோதிக்கலாம். அதன் டைனமிக் ஸ்பிளிட் டிரான்சியன்ட்களில் வெட்டித் தரும். கட்டற்ற மென்பொருளான ஆர்டரில் ரிதம் ஃபெரட் என்ற கருவி இதே வேலையைச் செய்கிறது. ஆடாசிட்டியில் லேபிள்களை வைத்து, ஒவ்வொரு லேபிளையும் தனிக் கோப்பாக வெளியேற்றலாம். வாசிக்கத்தான் வேறு கருவி வேண்டும்.

பள்ளி மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது சோனிக் பை. கேம்பிரிட்ஜில் சாம் ஆரன் வகுப்பறைக்காக உருவாக்கிய இலவச மென்பொருள். நிரல் எழுதி இசை உருவாக்க வேண்டும். அமென் பிரேக் அதனுள்ளேயே தரப்பட்டிருக்கிறது. லூப்பை எத்தனை துண்டாக்க வேண்டும், எத்தனையாவது துண்டு ஒலிக்க வேண்டும் என்று ஒரே வரியில் எழுதிக் கேட்கலாம்.

எதை முயன்றாலும் பணம் கட்டும் முன் ஒரே லூப்பை வைத்துச் சோதியுங்கள். மனிதர் வாசித்த நான்கு பார் லூப் ஒன்றை எடுத்து, அடிகளைக் காதால் எண்ணித் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மென்பொருள் எத்தனை கண்டுபிடித்தது என்று ஒப்பிட்டு, தவறியவற்றைச் சேர்க்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பிறகு வேகத்தைக் கால் பங்கு குறைத்துக் கேளுங்கள். கடைசியாக எல்லாத் துண்டுகளையும் வேவாகவும் மிடியாகவும் வெளியேற்றி, வேறொரு மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கேயும் அதே லூப் அதே நடையில் ஒலிக்க வேண்டும்.