தலையில் செதிலா? நுரை 5 நிமிஷம் நிற்கட்டும்!

சேலம் டவுன் பஸ்சில் முன் சீட்டுக்காரர் தோளைப் பாருங்கள். கறுப்புச் சட்டையில் வெள்ளைத் தூள்! "பொடுகுதானே" என்று விட்டுவிடுகிறார்கள். செதில் மஞ்சளாகி, புருவம், மூக்கோரம், காதுக்குப் பின்னால் சிவந்து அரித்தால் அது வெறும் பொடுகு அல்ல. கரப்பான் வகை.

சனிக்கிழமை நல்லெண்ணெயும் அரப்பும்தான் இந்தப் பக்கத்து வைத்தியம். அரப்பு அழுக்கை எடுக்கும், நோயை அடக்காது. தலையில் ஊறும் எண்ணெயோ, 1874-ல் பிரெஞ்சு டாக்டர் மலசே கண்டு சொன்ன பூஞ்சைக்கு விருந்து!

கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு அந்தப் பூஞ்சையை அடக்கும். வாரம் 2 முறை, 2 முதல் 4 வாரம். தேய்த்ததும் சொம்பைக் கவிழ்த்தால் காசு சாக்கடையில்தான். மருந்து முடிக்கல்ல, தோலுக்கு. 3 முதல் 5 நிமிஷம் ஊறணும். குணமானபின் வாரம் அல்லது இரு வாரத்துக்கு ஒரு தடவை போதும். அடியோடு விட்டால் திரும்பிவரும்.

உடம்பிலும் கரப்பான் உள்ளவர்கள் குனிந்து நின்று அலசுவது நல்லது. நுரை மேலே வழிந்தால் எரியும்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. வீட்டுப் பெண்ணுக்குத் தனிச் சீப்பு, தனித் துண்டு என்று ஒதுக்குவது அநியாயம்!

ஒரு மாதத்தில் அடங்காவிட்டால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டலாம். நாமக்கல்காரர்களுக்கு 2022 முதல் உள்ளூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.