வீட்டில் இருந்தே ஷேர் டிரேடிங்: எத்தனை மானிட்டர் வேணும்? எந்த கம்ப்யூட்டர் போதும்? கோவில்பட்டிக்காரங்க கவனிக்க வேண்டிய விஷயங்கள்!

யூடியூபில் டிரேடிங் வீடியோ பார்த்தாலே ஆறு மானிட்டர், கலர் கலரா லைட், சுழலும் நாற்காலி என்றுதான் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து, 'நாமளும் இப்படி ஒரு செட்டப் போட்டாத்தான் சம்பாதிக்க முடியுமோ?' என்ற எண்ணம் கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கமுள்ள இளைஞர்களுக்கும் வருகிறது. நகையை அடகு வைத்து செட்டப் போடும் முன் ஒரு நிமிஷம் இதைப் படிச்சிடுங்க.

முதல்ல ஒரு கணக்கு

பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2025 ஜூலையில் வெளியிட்ட ஆய்வின்படி, 2024-25 நிதியாண்டில் ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸில் ஈடுபட்ட தனிநபர்களில் சுமார் 91% பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் ரூ.1 லட்சம் கோடிக்கும் மேல். அன்றே வாங்கி அன்றே விற்கும் இன்ட்ராடேயில், 2022-23ல் 10 பேரில் 7 பேர் நஷ்டம் அடைந்ததாக செபியின் இன்னொரு ஆய்வு சொல்கிறது.

இப்போ இதையும் யோசிங்க. டிரேடிங்குக்கு கையில் ரூ.1 லட்சம் இருக்கிறது. செட்டப்புக்கு தனியாக ரூ.80 ஆயிரம் செலவு. அந்த செலவை மீட்கவே முதலீட்டில் 80% லாபம் வர வேண்டும். அதன் பிறகு வருவதுதான் உண்மையான லாபம்!

வேகமான கம்ப்யூட்டர் வாங்கினா ஆர்டர் வேகமா போகுமா?

போகாது. நீங்கள் 'பை' பட்டனைத் தட்டியதும் ஆர்டர் இன்டர்நெட் வழியாக புரோக்கரின் சர்வருக்குப் போகும். அங்கிருந்துதான் எக்ஸ்சேஞ்சுக்குப் போகும். பெரிய நிறுவனங்கள் எக்ஸ்சேஞ்ச் வளாகத்திலேயே சர்வர் வைத்திருக்கின்றன. கோவில்பட்டி வீட்டில் எவ்வளவு விலை உயர்ந்த கம்ப்யூட்டர் இருந்தாலும் அந்த வேகத்தோடு போட்டி போட முடியாது.

சார்ட் பார்ப்பது கம்ப்யூட்டருக்கு லேசான வேலைதான். அதற்கு இது போதும்:

- இன்டெல் ஐ5 அல்லது ரைசன் 5 பிராசஸர்
- 16 ஜிபி ரேம் (பிரவுசரில் நிறைய சார்ட் திறந்தால் 8 ஜிபி திணறும்)
- 512 ஜிபி எஸ்எஸ்டி
- தனி கிராஃபிக்ஸ் கார்டு தேவையில்லை. பிராசஸரிலேயே கிராஃபிக்ஸ் இருக்கும் மாடலா என்று பாருங்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடங்களில் செகண்ட் ஹேண்ட் வாங்குறீங்களா? விண்டோஸ் 10க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறையாக ஓட, இன்டெலில் பெரும்பாலும் 8வது தலைமுறை அல்லது அதற்குப் பிறகு வந்த பிராசஸர் வேண்டும். பணம் புழங்கும் கம்ப்யூட்டரில் செக்யூரிட்டி அப்டேட் வராமல் இருப்பது ஆபத்து.

மானிட்டர் எத்தனை?

ஆரம்பத்தில் ஒன்று. பழகிய பிறகு இரண்டு. ஒன்றில் சார்ட், இன்னொன்றில் வாட்ச்லிஸ்ட், ஆர்டர் விண்டோ. பெரும்பாலானவர்களுக்கு இது தாராளம். நான்கைந்து திரை வைத்தால் எல்லாவற்றையும் பார்க்கத் தோன்றும்; தேவையில்லாத டிரேடும் கூடும்.

24 இன்ச், ஃபுல் ஹெச்டி, ஐபிஎஸ் பேனல் போதும். கேமிங்குக்கான 144 ஹெர்ட்ஸ் இதற்குத் தேவையே இல்லை. வாங்கும் முன் கம்ப்யூட்டரின் பின்பக்கம் ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட் எத்தனை இருக்கு என்று எண்ணிப் பாருங்க. லேப்டாப் என்றால் இன்னும் கவனம் தேவை. எம்1, எம்2 மேக்புக் ஏர் போன்ற மாடல்களில் வெளியே ஒரு மானிட்டர்தான் நேரடியாக இணைக்க முடியும்.

உண்மையான சிக்கல் கரண்ட்!

சந்தை நேரம் காலை 9.15 முதல் மாலை 3.30 வரை. மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு மின்தடை பெரும்பாலும் காலை 9 மணிக்குத் தொடங்கி பிற்பகல் வரை நீளும். சரியாக சந்தை நேரத்திலேயே! கயத்தாறு பக்கம் காற்றாலை சுற்றிக்கொண்டே இருந்தாலும், நம்ம வீட்டில் ஃபேன் நின்றுவிடும்.

டிரேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், ஸ்டாப்லாஸ் போடாதவர் கதி என்ன? அதனால் மூன்றாவது மானிட்டருக்கான காசை இதற்கு ஒதுக்குங்க:

- டெஸ்க்டாப்பும் இரண்டு மானிட்டரும் சேர்ந்து சுமார் 150 வாட் இழுக்கும். சாதாரண 600 விஏ யுபிஎஸ் இதைச் சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். டிரேடை முடித்து வெளியே வர அது போதும்.
- மணிக்கணக்கில் வேண்டுமென்றால் 150 ஏஹெச் பேட்டரி உள்ள இன்வெர்ட்டர் தேவை. அதில் 'யுபிஎஸ் மோட்' இருந்தால் அதையே போடுங்கள். இல்லையென்றால் மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம்.
- இன்டர்நெட் ரவுட்டருக்கும் பேக்கப் வேண்டும். கம்ப்யூட்டர் ஓடி, ரவுட்டர் அணைந்தால் என்ன பயன்? ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது.
- பிராட்பேண்டு ஒரு கம்பெனி, போன் சிம் வேறு கம்பெனி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று போனாலும் இன்னொன்று கைகொடுக்கும்.

இதையெல்லாம் பார்த்தால், பேட்டரியோடு வரும் ஒரு லேப்டாப், கூடவே ஒரு மானிட்டர் என்பதுதான் நம்ம ஊருக்குப் பொருத்தமான தேர்வு.

கரிசல் தூசியும் வெயிலும்

கோடைக் காற்றில் கரிசல் புழுதி வீட்டுக்குள் வந்துவிடும். சிபியுவை தரையில் வைக்காதீங்க. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். தூசி அடைத்தால் சூடு ஏறி, கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும்.

எக்ஸ்சேஞ்சே நின்றால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 24ம் தேதி தொழில்நுட்பக் கோளாறால் தேசிய பங்குச்சந்தையில் காலை 11.40க்கு வர்த்தகம் நின்றது. மீண்டும் தொடங்கியபோது மணி மாலை 3.45. எந்த செட்டப்பும் அன்று உதவியிருக்காது. புரோக்கரின் சிஸ்டம் முடங்கினால், இருக்கும் பொசிஷனை முடிக்க 2023 அக்டோபரில் 'இர்ரா' என்ற தளம் தொடங்கப்பட்டது. உங்கள் புரோக்கரின் போன் ஆர்டர் எண்ணையும் ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டி வைங்க.

பில்லை தூக்கிப் போடாதீங்க

டிரேடிங் வருமானத்தை வியாபார வருமானமாகக் கணக்கு காட்டினால், அந்தத் தொழிலுக்குப் பயன்படும் கம்ப்யூட்டருக்கு ஆண்டுக்கு 40% தேய்மானம் கழிக்க விதி உண்டு. உங்களுக்குப் பொருந்துமா என்று ஆடிட்டரிடம் கேளுங்கள்.

'கம்ப்யூட்டர், கோர்ஸ், டிப்ஸ் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ், மாதம் இவ்வளவு லாபம் நிச்சயம்' என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள். சந்தையில் நிச்சய லாபம் என்று உறுதி சொல்ல யாருக்கும் அனுமதி இல்லை. சந்தேகம் இருந்தால் செபியின் கட்டணமில்லா எண் 1800 22 7575ல் கேட்கலாம்.

இன்றைக்கு கையில் இருக்கிற லேப்டாப்பிலேயே ஆரம்பிங்க. ஆறு மாதம் எழுதி வைத்த கணக்கில் லாபம் தெரிந்தால், அந்த லாபத்தில் இரண்டாவது மானிட்டர் வாங்கலாம். நஷ்டம் தெரிந்தால், மானிட்டர் காசாவது மிச்சம்!